மேல்காட்டுக்கு டிராக்டர் ஏறாது



"சார், டிராக்டர் வாங்கிட்டீங்களாமே, ஒரு போட்டோகூடப் போடலையே" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். போட்டோ போடாததற்குக் காரணம் இருக்கிறது. வண்டியைவிட, அதை வாங்கிய கதைதான் உங்களில் சிலருக்காவது பயன்படும் என்று நினைத்தேன். கூடலூர், கொடைக்கானல், ஏற்காடு என்று மலைப்பக்கம் காடு வைத்திருப்பவர்கள் உங்களில் நிறையப் பேர். பதிவு கொஞ்சம் நீளம்தான். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் உட்கார்ந்திருந்த நீங்கள் பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா!

கோத்தகிரிக்கு இந்தப் பக்கம் எங்கள் அப்பா விட்டுப்போன நிலம் 2 ஏக்கர் 40 சென்ட். கீழ்க்காடு, நடுக்காடு, மேல்காடு என்று மூன்று துண்டு. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் பூண்டு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலமெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டது என் தம்பி. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருடம் முழுக்க அவன் கையில் மண்வெட்டி இருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேரட் பிடுங்கித் தின்றுவிட்டு வருகிற அண்ணன்.

இப்போது கொத்துவதற்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரு போகத்துக்கு நிலம் தயார் செய்யவே கையிருப்பு கரைந்துவிடுகிறது. தம்பிக்கு அறுபத்தொன்று. முழங்கால் தேய்ந்துவிட்டது. திருப்பூரில் வேலையில் இருந்த அவன் மகன், ஒரே பிள்ளை, "நான் வந்து விவசாயம் பாக்கறேன் பெரியப்பா, ஆனா மண்வெட்டியோட இல்ல, டிராக்டரோட" என்று சொல்லி வந்துவிட்டான். அவனுக்கு இருபத்தாறு வயது.

வந்த வேகத்தில் சமவெளியில் ஒரு பழைய டிராக்டரைப் பார்த்துப் பத்தாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். 35 குதிரைத்திறன், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, விலை இரண்டே கால் லட்சம். புதிதாக நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி வாங்கினால் ஐந்து லட்சத்துக்கு மேல் ஆகும். "பாதி விலைல பெரிய வண்டி, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் தம்பி. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனாலும் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? சரிவை அளந்து பார்க்கலாம் என்று கிளம்பினேன். இதை நீங்களும் செய்யலாம். பத்தடி நீள அலுமினியக் குழாய் ஒன்று, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று, டேப் ஒன்று போதும். குழாயின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்தில் தரையில் வையுங்கள். மட்டம் பார்த்துக் குழாயைப் படுகிடையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளவெடுங்கள். 1 அடி 9 அங்குலம் வந்தால் சரிவு ஏறக்குறைய 10 டிகிரி. 2 அடி 8 அங்குலம் என்றால் 15 டிகிரி. 3 அடி 8 அங்குலம் என்றால் 20 டிகிரி.

எங்கள் கீழ்க்காடு 7 டிகிரி வந்தது. நடுக்காடு 12. மேல்காட்டில் இறக்கம் சரியாக 4 அடி, அதாவது 20 டிகிரிக்கும் மேல். கண்ணுக்கு அவ்வளவு தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற சரிவு நமக்குச் சமதரையாகத்தான் தெரியும்.

அடுத்து ஈர்ப்பு மையம். ஒன்பதாம் வகுப்பில் அட்டையில் மூன்று ஓட்டை போட்டு நூல்குண்டு தொங்கவிட்டு உங்களுக்கெல்லாம் காட்டினேனே, அதேதான். ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக விழும் கோடு அடித்தளத்துக்குள் இருக்கும்வரை அது கவிழாது. ஒரு சின்ன டிராக்டருக்கு இரு பின்சக்கரங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். கணக்குப் போட்டால் பக்கவாட்டில் 37 டிகிரி வரை சாயலாம் என்று வந்தது. "மேல்காடே 22 டிகிரிதான், பயமில்லை" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் போட்ட கணக்கு. ஆனால் அதுவரை ஒருநாள்கூட டிராக்டர் சீட்டில் உட்கார்ந்ததில்லை.

எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று 94ஆம் வருடப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரைக் கூப்பிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த செட்டுக்காரர்களுக்கு யாரென்று தெரிந்திருக்கும். அறிவியலில் 35 மார்க் வாங்கி, பள்ளிக்கூடத்தை விட்டதும் எஸ்டேட் டிராக்டருக்குக் கிளீனராகப் போனவர். இன்று சொந்தமாக இரண்டு சின்ன டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார்.

ஐப்பசி மாதம். இரவெல்லாம் பெய்து காலையில் விட்டிருந்தது. கம்பூட்ஸும் கடப்பாரையுமாக வந்தார். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு முதலில் நடந்தார். நடுக்காட்டின் ஓரத்தில் ஓரிடத்தில் கோரை முளைத்திருந்தது. அங்கே கடப்பாரையை இறக்கினார். அழுத்தாமலே முக்கால் அடி உள்ளே போனது.

"சார், இது ஊத்துக்கண். வெயில் காலத்துலயும் இங்க ஈரம் இருக்கும். உங்க கணக்குல இது இருக்கா?"

இல்லை.

என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "கணக்கு சரிதான் சார். ஆனா நீங்க வண்டிய சிமெண்ட் தரைல நிறுத்திப் போட்டிருக்கீங்க" என்றார். அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் கணக்குப் போட்டேன். மேட்டுப் பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லில் ஏறுகிறது. அதே நேரம் பள்ளத்துப் பக்கச் சக்கரம் இந்த ஈரத்தில் 10 சென்டிமீட்டர் புதைகிறது. மொத்தம் 25 சென்டிமீட்டர் வித்தியாசம். 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு இது 15 டிகிரிக்கு மேல் வருகிறது. நடுக்காட்டின் 12 உடன் சேர்த்தால் 27. மேல்காட்டின் 22 உடன் சேர்த்தால் 37. நான் அடிக்கோடு போட்ட அதே எண்!

அதுவும் அசையாமல் நிற்கும் வண்டிக்கு. ஓடும்போது குலுக்கலும் திருப்பத்தில் வெளியே தள்ளும் விசையும் சேரும். பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கினால் ஈர்ப்பு மையமும் மேலே ஏறும். இன்னொன்றும் காட்டிக்கொடுத்தார். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடும்படி அமைந்தது. ஆகவே நான்கு சக்கரம் இருந்தாலும், சாயத் தொடங்கும் நேரத்தில் அது மூன்று கால் முக்காலிபோலத்தான். என் 37 இன்னும் கீழே இறங்கியது. நோட்டை மூடிவிட்டேன்.

பிறகு வண்டியை நடுக்காட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார். ஊற்றுக்கண்ணுக்கு எட்ட இருந்துதான் குறுக்காக ஓட்டினார். ஈரம் நாங்கள் நினைத்ததைவிடத் தூரம் பரவியிருந்தது. பள்ளத்துப் பக்கச் சக்கரம் திடீரென்று இறங்கியது. மேட்டுப் பக்கச் சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். நம் கை என்ன செய்திருக்கும்? மேட்டுப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கும். அவர் பள்ளத்தை நோக்கித் திருப்பினார். அதே நொடியில் பின்னால் இருந்த கருவியைத் தரையில் இறக்கினார். வண்டி குலுங்கி நேராகி, நாலடி வழுக்கி நின்றது. மொத்தம் மூன்று விநாடி இருக்கும்.

இறங்கி வந்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "சார், இது உயரம் கம்மியான வண்டி. அந்த 35 குதிரை வண்டியா இருந்தா நான் இப்ப உங்ககூடப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

தம்பி அவரைப் பார்க்கவில்லை. தன் மகனைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அட்வான்ஸ் போனா போகுது, விடு" என்றான்.

அன்று மாலை வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் எனக்கு வகுப்பு நடந்தது. ஆசிரியர் அவர், மாணவன் நான். குறிப்பெடுத்ததைத் தருகிறேன்.

நான்கு சக்கர இழுவை மேடு ஏறுவதற்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். அதைவிட இறங்குவதற்குத்தான் அது வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டுமே. இறக்கத்தில் எடை முன்பக்கம் போய்விடும், பின்சக்கரம் லேசாகும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். நான்கு சக்கர இழுவையைப் போட்டு, சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினே முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இறக்கம் தொடங்குமுன் கியரைப் போட வேண்டும். நடுவில் கிளட்சை மிதிக்கக் கூடாது. நியூட்ரலில் இறங்குவது தற்கொலை.

டயரில் ஆழமான பட்டை வேண்டும். பட்டைகளுக்கு நடுவில் களிமண் அடைந்துவிட்டால் புது டயரும் வழுக்கைத் தலைதான். ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றும்போது இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் டிஃபரென்ஷியல் லாக் அவசியம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு திருப்பக் கூடாது. பின்சக்கர இடைவெளியை அகலப்படுத்த முடிகிற மாடலாகப் பார்த்து, வரப்பும் வழியும் இடம் தருகிற அளவுக்கு அகலமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின் டயர்களில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினால் எடை தாழ்வாக அமையும்.

செங்குத்தான இடத்தில் ஏற வேண்டுமானால் ரிவர்ஸில் ஏறி, முன்பக்கமாக இறங்க வேண்டும். இழுக்கும் சுமையை எப்போதும் தாழ்வான இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பி வண்டி மல்லாந்துவிடும்.

ஓட்டுநர் தலைக்குமேல் வரும் இரும்பு வளைவு இல்லாத வண்டியை மலைக்கு வாங்கவே கூடாது. வளைவு இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால் தூக்கி எறியப்பட்டு அந்த வளைவுக்கு அடியிலேயே விழுவோம்.

"பெரிய வண்டிதான் பலம்" என்பதும் ஈர நிலத்தில் செல்லாது. எடை கூடினால் மண் இறுகும். ஈர மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டினால் மேலே புட்டுமாவு போலத் தெரியும், கீழே கத்தி தடவிய இடம் சிமெண்ட் போட்டதுபோல் கெட்டித்துவிடும். கேரட் வேர் அதில் முட்டி இரண்டாகப் பிளக்கும். கவட்டைக் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் யார் வாங்குவார்கள்? ஆகவே உழும் முன் ஒரு கை மண்ணை எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். உருண்டையாகவே கிடந்தால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, பொறுமைதான் வேண்டும்.

பவர் டில்லர் போதாதா என்றும் கேட்டேன். கருவியோடு சேர்த்து 400 கிலோவுக்கு மேல் இருக்கும். சரிவில் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பவன் தம்பியின் வயதுக்காரன் என்றால் அதுவும் வேண்டாம் என்றார்.

கோவைக்குப் போய் மஹிந்திரா, குபோட்டா, ஸ்வராஜ், ஜான் டீர் என்று வரிசையாகப் பார்த்தோம். எதை வாங்கினோம் என்று கேட்காதீர்கள், விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. இருபது சொச்சம் குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை, எண்ணெயில் மூழ்கிய பிரேக், தலைக்கு மேல் வளைவு. ரோட்டவேட்டரையும் வண்டியின் அகலத்துக்கு ஏற்றதாக வாங்கினோம். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் விசாரித்தோம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் விகிதம் கூடுதல், உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். ஆனால் ஒன்று, மானியம் வருகிறது என்பதற்காக உங்கள் நிலத்துக்கு ஒவ்வாத வண்டியை வாங்காதீர்கள். மீதிக்கு என் ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம், வங்கிக் கடன் கொஞ்சம். "பெட்டியில தூங்கற காசு காட்டுல வேலை செய்யட்டும்" என்று உங்கள் டீச்சரம்மா அனுமதி கொடுத்துவிட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் போட்டோ போட்டிருப்பேன். மேல்காடு மிச்சம் இருந்தது.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது, கவனியுங்கள். சரிவான நிலத்தில் மண் கரையாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்காக உழ வேண்டும். ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன அணை. ஆனால் டிராக்டர் கவிழாமல் இருக்க, மேலும் கீழுமாக நேராக ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு சாலும் ஒரு ஓடை. 7 டிகிரியில் இரண்டையும் சமாளிக்கலாம். 12 டிகிரியில் ஊற்றுக்கண்ணை ஒதுக்கி, காய்ந்த நாளில், கவனமாகச் செய்யலாம். 22 டிகிரியில் முடியாது. மண்ணுக்கு நல்லது ஆளுக்கு ஆபத்து, ஆளுக்கு நல்லது மண்ணுக்குக் கேடு.

2009 நவம்பரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டீர்கள். கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எத்தனை வீடு, எத்தனை உயிர். அந்த மழையில் சரிவான மண் என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் நாம்.

"உள்பக்கம் சாய்வா படிமட்டம் வெட்டிட்டா?" என்றான் பையன். அதுதான் மலைக்கு முறையான வழி. ஆனால் அவ்வளவு செங்குத்தான இடத்தில் படி அகலமாக வர வேண்டுமென்றால் ஆள் உயரத்துக்கு மேல் மண்ணை வெட்ட வேண்டும். அடியில் இருக்கும் கெட்டிமண் மேலே வந்துவிடும். நம் மாவட்டத்தில் அனுமதி இல்லாமல் ஜேசிபி இறக்கவும் முடியாது. அந்த விதி நல்லதுக்குத்தான்.

ஆகவே மேல்காட்டை உழவே வேண்டாம், புல்லும் பட்டர் ஃப்ரூட்டும் வைக்கலாம் என்றேன். தம்பி எழுந்துவிட்டான்.

"அண்ணா, அது அப்பா கொத்தின காடு. ஒவ்வொரு கல்லா கடப்பாரையில நெம்பி எடுத்துக் கல்கட்டு கட்டினாரு. நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. நான்தான் கல்லு தூக்கினேன்."

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. நான் படிக்கப் போன ஃபீஸ் அந்த மேல்காட்டு உருளைக்கிழங்கில் வந்தது. பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அவன் மகன் போன் செய்தான். "பெரியப்பா, அப்பா மேல்காட்டுல குழி எடுத்துட்டு இருக்காரு. பட்டர் ஃப்ரூட்டுக்கு எவ்வளவு இடைவெளின்னு கேக்கச் சொன்னாரு." என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்கச் சொன்னானே, அது போதும்.

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. இரண்டு போகம் டிராக்டரில் உழுதாயிற்று. கேரட் நன்றாக வந்தது. கடன் தவணைக்கு வாடகை ஓட்டமும் கை கொடுக்கிறது. ஆனாலும் லாபமா நஷ்டமா என்று இன்னும் இரண்டு வருடம் போனால்தான் சொல்ல முடியும். மேல்காட்டில் புல் மாட்டுக்கு ஆகிறது, கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருக்கின்றன. கல்கட்டை ஒட்டி ஒரே ஒரு பாத்தி மட்டும் தம்பி இன்னும் கையால் கொத்தி உருளைக்கிழங்கு போடுகிறான். தேய்ந்த முழங்காலோடு ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் நடந்த ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். பையன் டிராக்டரில் கீழே இறங்கி வந்தான். வழியில் நிற்கும் கொய்யா மரக் கிளை இடிக்கிறது என்று தலைக்குமேல் இருந்த இரும்பு வளைவை மடக்கிவிட்டிருந்தான். "கொஞ்ச தூரம்தானே பெரியப்பா" என்றான். வகுப்பில்கூட உங்களை நான் அப்படிக் கத்தியதில்லை. அது அம்மா வைத்த கொய்யா. தம்பி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்து அந்தக் கிளையை வெட்டினான்.

பையன் வளைவை நிமிர்த்தி, பின்னைச் செருகி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மலைக்காட்டுக்கு வண்டி வாங்க நினைக்கும் பிள்ளைகளே, கடைக்குப் போகுமுன் ரசமட்டமும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு ஒரு மழை நாளில் உங்கள் நிலத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் போங்கள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். எனக்குத் தெரியாவிட்டால் அந்த 35 மார்க் வாங்கியவரின் நம்பர் தருகிறேன். தரச் சொல்லியிருக்கிறார்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய சயின்ஸ் சார்.